முறை வைத்துப் பார்த்து வருவோம்

பெருந்தொற்றுக் காலத்தில் தீராத நோயுற்றாரைக் காணும் வழி

நம் கடலூர் மாவட்டத்தார் துன்பத்துக்குப் புதியவர் அல்லர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தையும் அதனை அடுத்த கரையோர ஊர்களையும் தாக்கியது. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் ‘தானே’ புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015-ஆம் ஆண்டின் பெருமழையில் வயல்களும் வீடுகளும் வெள்ளத்தில் மூழ்கின. இம்மூன்று காலத்தும் நாம் செய்தது ஒன்றே. துன்புற்றவர் வீட்டை நோக்கிக் கூட்டமாக ஓடினோம். அரிசி கொண்டு போனவர் உண்டு. துணி கொண்டு போனவர் உண்டு. கொடுக்க ஒன்றுமின்றி உழைக்கக் கைகளை மட்டும் கொண்டு போனவரும் உண்டு. போகிறவர் தொகை பெருகப் பெருக உதவியும் பெருகும் என்பதே நாம் கற்றிருந்த பாடம்.

2020-ஆம் ஆண்டில் அப்பாடம் தலைகீழாயிற்று. அவ்வாண்டு மார்ச்சு 11-ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் கொரோனா நோயைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச்சு 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. நோயுற்றவர் வீட்டுக்குப் போகாதிருப்பதே அவருக்குச் செய்யும் உதவி என்று நமக்குச் சொல்லப்பட்டது.

அவ்வறிவுரை வீண் அச்சத்தால் பிறந்ததன்று. சென்னைக் கோயம்பேடு அங்காடி நம் பயிர்த்தொழிலாளர் நன்கறிந்த இடம். நம் மாவட்டத்தார் பலர் அங்கே மூட்டை தூக்கும் வேலையில் இருந்தனர். 2020 ஏப்ரல் இறுதியில் அங்கே தொற்று பரவியது; அவர்கள் ஊர் திரும்பினர். மே மாதத் தொடக்கத்தில் நம் மாவட்டத்தில் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியாயிற்று. மே 5-ஆம் நாள் அங்காடி மூடப்பட்டது. திரும்பி வந்தவர்களுள் பலருக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. பிழைப்புக்காகச் சென்று வீடு திரும்பியவர்கள் மீது குற்றம் சொல்வதற்கில்லை. நோய் தம்மிடம் இருப்பதை அறியாமலே ஒருவர் அதனைத் தம் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடும் என்னும் உண்மையை நம் மாவட்டம் அன்று நேரில் கண்டது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இருப்பது, கொரோனா நோயாளிகளை ஏற்றுச் சிகிச்சை அளித்தது.

இவையெல்லாம் தொற்று நோயாளிகளைப் பற்றிய செய்தி. ஆனால் அதே காலத்தில் வேறொரு சாராரும் நம் ஊர்களில் படுத்திருந்தனர். முற்றிய புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு, பக்கவாதம், தள்ளாமை ஆகியவற்றால் இனித் தேறார் என்று வைத்தியர்களால் சொல்லப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுக்கு எஞ்சியிருந்தது சில வாரங்களோ சில மாதங்களோ. அந்நாட்களில் அவர்களை யார் பார்ப்பது, எவ்வாறு பார்ப்பது? அங்கத்தினர்கள் முன் நாம் வைக்க விரும்பும் கேள்வி இதுவே.

இரண்டு வீடுகள்

அக்காலத்தில் நாம் அறிந்த இரண்டு வீடுகளைப் பற்றிச் சொல்லுகிறோம். ஊரும் பெயரும் இங்கு வேண்டா.

முதலாவது குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் ஒரு நெசவாளர் வீடு. நாற்பது ஆண்டு தறிக்குழியில் இருந்து கைலி நெய்தவர் குடற்புற்றால் படுத்துவிட்டார். பாவு ஓடும் நாளில் தெரு முழுவதும் வந்து கைகொடுக்கும் வீடு அது. 2020-ஆம் ஆண்டுக் கோடையில் அவ்வீட்டு வாயிற்படியை ஒருவரும் மிதிக்கவில்லை. அடுத்த தெருவில் இருந்த தம்பியும் வரவில்லை. அன்புள்ள சிலர் சோற்றுப் பாத்திரத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமலே சென்றனர். மனைவி ஒருத்தியே அவரைத் தூக்கினாள், துடைத்தாள், ஊட்டினாள். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் அவர் அவளிடம், “யாரும் வரக் காணோமே, நான் யாருக்காவது ஏதாவது குறை வைத்தேனா?” என்று கேட்டாராம். காலம் அப்படியிருக்கிறது என்று அவள் சொன்னாள். அவர் நம்பினாரோ இல்லையோ, அவளுக்கே தெரியாது.

இரண்டாவது சிதம்பரத்துக்குத் தெற்கே ஒரு குடியானவர் வீடு. 2021 மே மாதம். இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். வீட்டு மூதாட்டி சிறுநீரகம் பழுதுபட்டு நெடுநாளாகப் படுக்கையில் இருந்தார். இன்றோ நாளையோ என்று செய்தி பரவியது. இரண்டே நாட்களில் நாற்பது பேருக்கு மேல் வந்து போயினர். ஒரே அறையில் நெருங்கி உட்கார்ந்து அழுதனர், பால் ஊற்றினர், அங்கேயே உண்டனர். அவ்வார இறுதியில், தாயை இரவும் பகலும் கவனித்து வந்த மகளுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குச் சென்றவள் திரும்பவில்லை. தாயோ அதன் பின்னும் பதினெட்டு நாள் உயிரோடிருந்தார். மகள் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வந்தவர்களுள் யார் நோயைக் கொண்டுவந்தார் என்பதை எவராலும் சொல்ல முடியாது. தீங்கு நினைத்து வந்தவர் அவர்களுள் ஒருவரும் இல்லை.

முதல் வீட்டில் அச்சம் தவறு செய்தது. இரண்டாம் வீட்டில் அன்பே தவறு செய்தது. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி இல்லையா? உண்டு. கீழணையிலும் வீராணத்திலும் நீர் குறைந்த ஆண்டுகளில் நம் விவசாயிகள் பயிரைக் காயவிட்டுவிடுவதில்லை. எல்லாரும் ஒரே நாளில் மடையைத் திறந்துகொள்வதும் இல்லை. முறை வைத்துப் பாய்ச்சுகின்றனர். நோயுற்றவரைப் பார்ப்பதையும் அவ்வாறே முறைப்படுத்த வேண்டும். பார்ப்பதை நிறுத்தலாகாது, முறையின்றிப் பார்த்தலும் ஆகாது.

இறுதிக்காலப் பராமரிப்பு

தீராத நோயுற்றாருக்கென்று தனி இல்லம் அமைக்கும் முறை மேல்நாட்டில் வேரூன்றியது. தாதியாகவும் சமூக சேவகியாகவும் இருந்து பின்பு வைத்தியம் பயின்ற சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் திறந்தார். உடலின் வலி, மனத்தின் வலி, உறவு இழந்த வலி, வாழ்வின் பொருளைத் தேடும் வலி ஆகிய அனைத்தும் சேர்ந்ததே நோயாளியின் வலி என்பது அவர் கொள்கை. மாத்திரை ஒரு பகுதியைத் தணிக்கும். மனிதர் வருகை மற்றொரு பகுதியைத் தணிக்கும். 1986-இல் பம்பாயில் தொடங்கப்பட்ட சாந்தி அவேத்னா இல்லம் இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ் ஆகும்.

கேரளத்தார் இதனை மேலும் நம் நிலைக்கு ஏற்றவாறு அமைத்தனர். 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் வலி தணிப்புச் சங்கம் ஒன்றை நிறுவினர். பின்னர் அது ஊர்தோறும் அண்டை அயலார் சேர்ந்து நடத்தும் அமைப்பாக விரிந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக் கூடியவர் எவரும் பயிற்சி பெற்றுத் தொண்டராகலாம். பலர் சிறிது சிறிதாகத் தருவதைச் சேர்த்து ஒரு பெரிய காரியத்தை முடிப்பதற்குக் கூட்டுறவு என்று பெயர். அவ்வகையில் இதுவும் கூட்டுறவே.

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தில், படுத்த படுக்கையாய் இருப்போருக்கு வீட்டிலேயே நோய் ஆதரவுச் சிகிச்சை அளிக்கவும் வழி செய்யப்பட்டுள்ளது. நம் பக்கத்துக் கிராமங்களில் பெரும்பாலோருக்கு ஹாஸ்பிஸ் என்பது அவரவர் வீடே. ஆதலின் பெரிய இல்லங்களில் தாதியர் கைக்கொள்ளும் விதிகளை, நம் வீடுகளில் நாமே கைக்கொள்ள வேண்டியவராக இருக்கிறோம்.

புறப்படுமுன்

இந்நோய் பெரும்பாலும் மூச்சுக் காற்றின் வழியே பரவுவது. நோய் கொண்டவர் பேசும்போதும், இருமும்போதும், உரக்க அழும்போதும் நுண்துளிகள் வெளிப்படுகின்றன. அவை அடைபட்ட அறையில் நெடுநேரம் மிதந்திருக்கும். அறிகுறி தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பே ஒருவரிடமிருந்து நோய் பிறருக்குப் பரவத் தொடங்கலாம். இவ்விரு செய்திகளையும் மனத்திற் கொண்டால் விதிகள் அனைத்தும் தாமே விளங்கும்.

காய்ச்சல், இருமல், தொண்டை வலி, மூக்கொழுக்கு ஆகியவற்றுள் ஒன்றேனும் தமக்கோ தம் வீட்டாருக்கோ இருந்தால் போகலாகாது. ‘லேசான ஜலதோஷந்தானே’ என்று எண்ணுவது பெருந்தவறு. நமக்கு லேசானது, உடல் வலுவிழந்தவருக்கு லேசானதன்று. கல்யாணம், சந்தை, திருவிழா முதலிய கூட்டங்களுக்குச் சென்று வந்தவர் ஒரு வாரமேனும் பொறுத்துத் தம் முறையை மற்றொருவருக்கு விட்டுக்கொடுப்பது நன்று. தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அதுவே போதும் என்று இருந்துவிடலாகாது. கடும் நோயைத் தடுப்பதில் அது சிறந்தது. பிறருக்குப் பரவுவதை முற்றும் தடுப்பதில்லை.

போவதற்கு முன் தொலைபேசியில் கேட்க வேண்டும். முதலில் பராமரிப்பவரைக் கேட்க வேண்டும். அடுத்து நோயாளியையே கேட்க வேண்டும். சிலர் இன்னாரை மட்டும் பார்க்க விரும்புவர். சிலர் ஒருவரையும் பார்க்க விரும்பார். அந்த விருப்பம் அவருடைய உரிமை.

வீட்டினுள்

ஒரு நாளைக்கு ஒருவர், மிகுந்தால் இருவர். கால் மணி முதல் அரை மணி நேரம். நாள்தோறும் புதிய முகங்கள் வருவதைவிட அதே நாலைந்து பேர் மாறி மாறி வருவது பாதுகாப்பானது.

மூக்கும் வாயும் மூடும்படி முகக்கவசம் அணிய வேண்டும். மூச்சுத் திணறும் நோயாளி கவசம் அணிய இயலாது. ஆதலின் நம் கவசமே அவருக்கும் காப்பு. 2020-இல் அரசாங்கம் நியாய விலைக் கடைகள் வாயிலாகத் துணிக் கவசங்களை இலவசமாக வழங்கியது. நெருக்கி நெய்த துணியை மூன்று மடிப்பாகத் தைத்தால் ஓரளவு பயன் உண்டு என்பதை நெசவாளருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. எனினும் தீராத நோயாளி அருகே செல்பவர், முகத்தோடு ஒட்டி நிற்கும் என்-95 கவசம் அணிவதே சிறந்தது. மூச்சு வெளியேறும் திறப்பு வைத்த கவசம் வேண்டா. அது அணிந்தவரைக் காக்கும், எதிரே இருப்பவரைக் காவாது.

காற்றோட்டம் மிக இன்றியமையாதது. உலர்ந்த காற்றுப் பட்டால் இழை அறும் என்பதனால் தறியுள்ள அறையைப் பெரும்பாலும் அடைத்தே வைக்கிறோம். நோயாளியின் கட்டில் அதே கூடத்தில் கிடந்தால், பார்க்க வருவோர் இருக்கும் நேரத்திலேனும் கதவையும் சாளரத்தையும் திறந்துவைக்க வேண்டும். இயலுமாயின் கட்டிலைத் திண்ணைப் பக்கமோ தாழ்வாரத்துக்கோ நகர்த்தலாம். வந்தவர் வெளிக்காற்று நோயாளி பக்கமிருந்து தம் பக்கம் வரும்படி உட்காருவது நலம்.

வீட்டுள் நுழைந்தவுடன் சோப்பிட்டு இருபது விநாடியேனும் கை கழுவ வேண்டும். அதன் பின் நோயாளியின் கையைத் தயங்காது பிடிக்கலாம். பலர் இதனை அறியாமல் கட்டிலுக்கு ஆறடி தள்ளி நின்றே பேசிவிட்டுத் திரும்பினர். கழுவிய கையால் தொடுவதில் அச்சம் மிகுதி வேண்டா. மூடாத வாயே அதனினும் ஆபத்து. படுத்திருப்பவருக்குத் தொட்டுப் பேசுவதைவிட ஆறுதல் வேறில்லை.

கவசம் அணிந்த முகத்தை வயோதிகர் அடையாளம் காணாமல் மருள்வதுண்டு. முதலில் வாயிலுக்கு வெளியே நின்று முகத்தைக் காட்டிப் பெயரைச் சொல்லி, பின்பு கவசம் அணிந்து உள்ளே வரலாம். காது மந்தமானவரிடம் கத்திப் பேசாமல், நிறுத்தி நிதானமாகப் பேசுக. எழுத்தறிந்தவராயின் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுக.

அவ்வீட்டில் உண்பதும் காப்பி அருந்துவதும் தவிர்க்கத் தக்கவை. உண்ணும்போது கவசம் கழன்றுவிடுகிறது. உபசாரத்தை மறுப்பது நம் வழக்கத்துக்கு மாறுதான். ‘நல்லபடியாக இந்தக் காலம் கழியட்டும், பிறகு வந்து சாப்பிடுகிறோம்’ என்று சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ளார். பழமோ கஞ்சி மாவோ கொண்டு சென்றால் பராமரிப்பவர் கையில் கொடுத்துவிடலாம்.

திரும்பிய பின் சில நாட்களுக்குள் தமக்குக் காய்ச்சல் கண்டால், வெட்கப்படாமல் அன்றே அவ்வீட்டாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். மறைப்பதனால் விளையும் கேடு, வந்ததனால் விளைந்த கேட்டினும் பெரிது.

பராமரிப்பவரை மறவாதீர்

நோயாளியைக் காக்கும் முயற்சியில் பராமரிப்பவரை மறந்துவிடுகிறோம். பெரும்பாலும் அவர் மனைவியாகவோ மகளாகவோ மருமகளாகவோ இருப்பார். அவர் படுத்துவிட்டால் நோயாளிக்கு யாரும் இல்லை. சிதம்பரத்துக்குத் தெற்கே நாம் கண்ட வீடு இதற்குச் சான்று. ஆகவே பார்க்கச் செல்பவர், ‘இவர் எப்படி இருக்கிறார்?’ என்று கேட்பதோடு, ‘அம்மா, நீங்கள் தூங்கினீர்களா?’ என்றும் கேட்க வேண்டும்.

வீட்டினுள் செல்லாமலே செய்யத்தக்க உதவிகள் பல. 2020-இல் பேருந்துகள் நின்றன. மாவட்ட எல்லையைக் கடக்க இணையவழி அனுமதி வேண்டியிருந்தது. புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ மாதந்தோறும் சென்று வலி மாத்திரை வாங்கி வந்தவர்கள் திகைத்துப்போயினர். கடும் வலிக்கான மாத்திரை திடீரென நின்றால் நோயாளி படும் பாடு சொல்லுந் தரத்ததன்று. மாத்திரை தீருவதற்குப் பத்து நாள் முன்பே கணக்குப் பார்த்து வாங்கி வைப்பதும், ரேஷன் பொருள் வாங்கி வருவதும், மாட்டுக்குத் தீவனம் இடுவதும் நோயாளியைப் பார்ப்பதற்குச் சமமே.

இறுதி நாட்கள்

கடைசி நாட்களில் விதி சற்று இளக வேண்டும். இங்கிலாந்தில் பராமரிப்பு இல்லங்களுக்கு வெளியார் வரக் கூடாதென்று தடை இருந்த காலத்திலும், உயிர் பிரியும் தறுவாயில் உள்ளவரை உறவினர் காண அரசாங்க விதிகள் இடங்கொடுத்தன. அவ்வேளையில் கிடைக்காத சந்திப்பு பின்னர் கிடைப்பதில்லை. மக்களும் மிக நெருங்கியவர்களும் கவசம் அணிந்து, கை கழுவி, ஒருவர் பின் ஒருவராக வந்து பால் ஊற்றலாம். தூரத்து உறவினர் கைபேசி வழியே முகம் காணலாம். கைபேசியை நோயாளியின் காதருகே பிடித்தால், பதில் சொல்ல இயலாதவரும் குரலைக் கேட்கக் கூடும்.

உயிர் பிரிந்த பின் கூட்டம் கூடுவதிலும் அளவு வேண்டும். 2020-இல் இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல் கூடலாகாது என்று மத்திய அரசாங்கம் விதித்தது. அது பலருக்குக் கொடிதாகத் தோன்றியது உண்மையே. ஆனால் இருந்தபோது முறை வைத்துப் பார்த்தவர்களுக்கு, இறந்தபின் போக இயலாமை அத்துணைத் துயரம் தராது.

சங்கங்கள் செய்யத் தக்கது

ஒவ்வொரு சங்கமும் தன் அங்கத்தினர் குடும்பங்களுள் படுக்கையில் உள்ளோர் யாவர் என்று, அக்குடும்பத்தாரின் சம்மதத்தோடு, ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து பேர் கொண்ட குழு. கிழமைக்கு ஒருவர் என்று முறை. நேரில் செல்லாதவர் மாலையில் தொலைபேசியில் பேசுதல். பொது நல நிதியிலிருந்து கவசம், சோப்பு, காய்ச்சல் மானி ஆகியவற்றை வாங்கி வைக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரோடு தொடர்பு வைத்திருக்கலாம். ஐயம் எழுந்தால் 104 என்னும் எண்ணில் அரசாங்கத்தின் மருத்துவ ஆலோசனையைப் பெறலாம். இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது, வேண்டுவது ஒழுங்கு.

2023 மே 5-ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவின் அவசர நிலை முடிந்ததென அறிவித்தது. நோய்க் கிருமி முற்றும் ஒழிந்ததென்று அது சொல்லவில்லை. 1918-ஆம் ஆண்டுக் காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. 1957 மே மாதம் ஆசியக் காய்ச்சல் கப்பல் வழியே சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. இனியும் ஒன்று வரும். எப்போது என்பதுதான் தெரியாது. அது வரும் நாளில் முறை வகுக்க நேரம் இராது. இப்போதே வகுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த பொதுக்குழுவில் இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து நெசவாளர் கேட்ட கேள்வியை நம் சங்கத்தைச் சேர்ந்த எவரும் இனிக் கேட்கும்படி ஆகக் கூடாது. அவர் யாருக்கும் குறை வைக்கவில்லை. குறை வைத்தவர்கள் நாமே.